முதல் ஆய்வு மானியம்: மட்டக்களப்பு, அம்பாறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளருக்கு

நியமனக் கடிதம் கைக்கு வந்து, துறைத் தலைவர் காட்டிய மேசையில் உட்கார்ந்து, முதல் விரிவுரைகளுக்குக் குறிப்பெடுத்து முடிப்பதற்குள் அரை ஆண்டு ஓடிவிடும். அப்போது யாராவது கேட்பார்கள்: “ஆய்வு என்ன செய்கிறீர்கள்?” கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் பலர் இதற்குச் சொல்லும் பதில், “காசு கிடைத்தால் தொடங்கலாம்” என்பதே. இந்த வரிசையை முதலில் மாற்ற வேண்டும். நான் விண்ணப்பித்த ஆண்டுகளிலும் பிறருடைய விண்ணப்பங்களை மதிப்பிட்ட ஆண்டுகளிலும் கண்டது ஒன்றுதான். கையில் தெளிவான ஒரு கேள்வியும், கொஞ்சம் முன்னாய்வுத் தரவும், தயாராக அடுக்கிய பத்திரங்களும் வைத்திருப்பவரையே பணம் தேடி வருகிறது. மானிய அறிவித்தலைப் பார்த்த பிறகு கேள்வியைத் தேடத் தொடங்குபவருக்கு, முடிவுத் திகதி வரை கிடைக்கும் ஆறு வாரங்கள் ஒருபோதும் போதாது.

முதற்படி: வாசலில் இருக்கும் கேள்வியை எடுங்கள்

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்திலிருந்து வயலும் வாவியும் கடலும் ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவிலில் இருப்பவருக்குத் துறைமுகம் பக்கத்திலேயே. அது கட்டப்பட்ட பிறகு அண்டிய கரை அரிக்கப்பட்டதை மீனவர்கள் நாள் கணக்கில் சொல்வார்கள். சம்மாந்துறையில் பணியாற்றுபவரைச் சுற்றிலும் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள். கொழும்பில் உள்ள ஆய்வாளர் இவற்றைப் பார்க்க வாகனமும் விடுதியும் ஒழுங்கு செய்து வர வேண்டும். நீங்கள் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். உங்கள் விண்ணப்பத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குச் செய்த தலைப்பையே இங்கும் இழுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். “இலங்கையில் மண் உவர்த்தன்மை பற்றிய ஓர் ஆய்வு” என்ற தலைப்பைப் பார்த்த மதிப்பீட்டாளர் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார். அந்தத் தலைப்போடு வந்த விரிவுரையாளரிடம் நான் கேட்டேன்: எந்த மண், எப்போது, யாருக்குப் பாதிப்பு? அவர் ஒரு சனிக்கிழமை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், வயல்களின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையாரோடு வரம்பில் நடந்தார். வாவியோர வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், சிறுபோகத்தின் கடைசித் தண்ணீர் குறைந்ததும் கதிர் பதராகிறது என்று வட்டவிதானையார் சொன்னார். எந்த மூலையில் முதலில் கருகுகிறது என்பதையும் கையை நீட்டிக் காட்டினார். திரும்பி வந்தவரின் தலைப்பு மாறிவிட்டது: “வாவியோர வயல்களில் சிறுபோகக் கடைசி நீர்ப்பாய்ச்சலுக்குப் பின் உவர் எவ்வளவு ஏறுகிறது, உவரைத் தாங்குவதற்கென வெளியிடப்பட்ட ஏ.ரி. 354 போன்ற நெல்லினம் அங்கே எவ்வளவு விளைச்சல் தருகிறது?” இதில் இடம், காலம், அளக்க வேண்டியது, பயனடைபவர் எல்லாம் இருக்கின்றன. இரண்டு தலைப்புகளுக்கும் இடையில் இருந்தது ஒரு சனிக்கிழமை மட்டுமே.

கலைப் பீடத்தவருக்கும் இது பொருந்தும். கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் வீடுகளில் கறையான் தின்னும் கூத்துக் கொப்பிகளும், பரியாரிமாரிடம் இருக்கும் வைத்திய ஏடுகளும், மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோலும் ஆய்வுப் பொருள்களே. அந்தக் கிரியோலை, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணமாக்கல் திட்டம் ஒன்றின் நிதியில் வெளிநாட்டு ஆய்வாளர் குழு ஒன்று பதிவுசெய்து ஆவணக்காப்பகத்தில் வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பொருளுக்கு உலகத்தில் பணம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாம் படி: தமிழில் ஒரு பக்கம்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கப்படுகின்றன. ஆனாலும் முதற்பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். என்ன தெரியவில்லை, அது தெரியாததால் யாருக்கு என்ன நட்டம், நான் எதை அளப்பேன், அளந்த பிறகு என்ன சொல்ல முடியும் என்ற நான்கையும் உங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகாத ஒருவருக்குப் புரியும்படி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஓட்டைகள் தமிழில் உடனே வெளியே தெரியும். ஓட்டை அடைபட்ட பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது இரண்டு மாலை வேலைதான்.

மூன்றாம் படி: ஒரு கோப்பு

கணினியில் ஒரு கோப்புறை திறந்து இவற்றை இப்போதே போட்டு வையுங்கள்: இரண்டு பக்கச் சுயவிவரம், முழுச் சுயவிவரம், வெளியீட்டுப் பட்டியல், பட்டச் சான்றிதழ்களின் பிரதிகள், நியமனக் கடிதம், தேவைப்படும் கருவிகளுக்கான விலை விபரங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) எண் ஒன்றை இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். 16 இலக்கங்கள் கொண்ட அந்த எண் இல்லாமல் இன்று பல ஆய்விதழ்களில் கட்டுரை அனுப்பவும் முடியாது. நம்மவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தேவை. தகப்பன் பெயர் முன்னால் ஓரிடத்தில், முதலெழுத்தாக இன்னோரிடத்தில், பின்னால் வேறோரிடத்தில் என்று ஒரே ஆளின் கட்டுரைகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு அதையே கடைசிவரை எழுதுங்கள்.

நான்காம் படி: பணம் எங்கே இருக்கிறது

மிக அருகில் இருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பீட மட்டத்திலோ பல்கலைக்கழக மட்டத்திலோ சிறு ஆய்வு நிதி ஒதுக்கப்படும் ஆண்டுகள் உண்டு. பீடாதிபதி அலுவலகத்திலும் பதிவாளர் அலுவலகத்திலும் நேரில் கேட்டு வையுங்கள். ஆய்வுத் திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்துப் பெறும் ஆராய்ச்சிப் படியும் இருக்கிறது. தொகையைச் சிறிதென்று நினைக்காதீர்கள். முதல் 20 மண் மாதிரிகளும் முதல் 10 நேர்காணல்களும் அந்தப் பணத்தில்தான் முடியும். பெரிய விண்ணப்பத்தில் “எங்கள் முன்னாய்வில் கண்டது” என்று எழுத முடிவது அதனால்தான்.

நாட்டளவில் விஞ்ஞானத் துறையினருக்கு முதல் வாசல் தேசிய விஞ்ஞான மன்றம். 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவையாகத் தொடங்கி, பெயரும் அமைப்பும் மாறி, 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இப்போதைய வடிவத்துக்கு வந்த நிறுவனம் அது. போட்டி அடிப்படையில் ஆய்வு மானியம் தருகிறது. பட்டப்பின் படிப்புக்கும் வெளிநாட்டுக் குறுகிய காலப் பயிற்சிக்கும் விஞ்ஞான ஒன்றுகூடல்களுக்கும் கைகொடுக்கிறது. அடுத்தது தேசிய ஆராய்ச்சிப் பேரவை. ஆய்வாளர் தாமே தெரிவுசெய்யும் தலைப்புகளுக்கு ஒரு மானியம், நாட்டின் குறிப்பிட்ட தேவையை இலக்காகக் கொண்ட குழு ஆய்வுகளுக்கு இன்னொன்று, தனியார் நிறுவனத்தோடு கைகோத்துச் செய்பவற்றுக்கு வேறொன்று என அது பிரித்து வழங்கிவருகிறது. வயலும் பயிரும் கால்நடையும் உங்கள் துறையென்றால் 1987இல் அமைந்த இலங்கை விவசாய ஆராய்ச்சிக் கொள்கைப் பேரவையைக் கவனியுங்கள். மானிடவியல், சமூக விஞ்ஞான ஆசிரியர்களின் உயர்பட்டப் படிப்புக்கு உதவவென்றே ஒரு தேசிய நிலையம் (என்.சி.ஏ.எஸ்.) 2005 முதல் இயங்குகிறது. கலைப் பீடத்துக்கு எதுவும் இல்லை என்று சொல்பவர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

முதன்மை ஆய்வாளருக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று விதி இருந்தால் மனம் தளராதீர்கள். பட்டம் பெற்ற மூத்தவர் ஒருவரை முன்னால் நிறுத்தி நீங்கள் கூட்டு ஆய்வாளராகச் சேருங்கள். ஆனால் யார் எதைச் செய்வார், கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை விண்ணப்பம் எழுதும்போதே பேசி, ஒரு மின்னஞ்சலில் பதிந்துகொள்ளுங்கள். மூத்தவரிடம் இதைக் கேட்பது நம்மிடையே மரியாதைக் குறைவு போலத் தெரியும். கேட்காமல் விட்டுப் பின்னர் முகம் பார்க்காமல் போனவர்களை நினைத்தால், முதலிலேயே கேட்பதுதான் உண்மையான மரியாதை.

வெளிநாட்டு வாய்ப்புகளில் பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட், ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD), ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் ஆகியவற்றைப் பெரும்பாலானோர் அறிவார்கள். இவை படிப்புக்கும் தங்கியிருந்து ஆய்வு செய்வதற்கும் உரியவை. முனைவர் பட்டம் முடித்தவர்கள் ஐரோப்பாவின் மரி கியூரி முதுமுனைவர் திட்டத்தையும் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் உங்களை ஏற்கும் பேராசிரியர் ஒருவரைத் தேடிக்கொள்வதுதான் பெரிய வேலை.

பலருக்குத் தெரியாத இரண்டு வாசல்களைச் சொல்ல வேண்டும். பிரித்தானிய நூலகத்தில் 2004 முதல் நடக்கும் அழிவுறும் ஆவணக் காப்பகத் திட்டம், பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் படமெடுத்து எண்ணிமப்படுத்த நிதி தருகிறது. மூலப் பிரதி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது அதன் விதி. ஏடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு நம்பிக்கை தரும் முதல் வார்த்தையும் அதுவே. இதற்குக் கைத்துணையாக, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் “நூலக நிறுவனம்” என்ற அமைப்பின் அனுபவத்தைக் கேட்டுப் பெறலாம். மற்றது ரபர்ட் அறக்கட்டளையின் சிறு மானியம். வளர்முக நாடுகளில் இயற்கைப் பாதுகாப்பு வேலைக்கு உரியது. யானை–மனிதர் மோதலோ, கண்டல் காடோ, வாவிப் பறவைகளோ உங்கள் பொருளென்றால் அனுப்பிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை மட்டும் போதாது, பாதுகாப்புக்கு என்ன பயன் என்று அழுத்திக் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: செலவுக் கணக்கு

விண்ணப்பத்தின் உண்மை முகம் செலவுக் கணக்கில் தெரியும். “மாதிரிப் பரிசோதனை” என்று எழுதி ஒரு மொத்தத் தொகையைப் போடாதீர்கள். 24 வயல்கள், ஒவ்வொன்றிலும் 2 ஆழங்கள், ஒரு போகத்தில் 3 தடவைகள் என்றால் 144 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு ஆய்வுகூடம் கேட்கும் கட்டணத்தை எழுத்தில் வாங்கி, 144ஆல் பெருக்குங்கள். பழுதாகும் மாதிரிகளுக்கென 10 வீதம் கூட்டுங்கள். எத்தனை நாள் பயணம், எந்த வாகனம், வள்ளமென்றால் வள்ளக்காரருக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு என்பதையும் இப்படியே பிரியுங்கள். ஆய்வு உதவியாளரின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மொத்தத்தை அழகாக்க வேண்டாம். நான்காம் மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஆய்வு நின்றுவிடும்.

கால அட்டவணையில் நம் பருவத்தைப் போடுங்கள். பெரும்போக விதைப்பு ஐப்பசி கார்த்திகை மழையோடு. மார்கழியில் படுவான்கரைப் பாதைகள் சில நீரில் மூழ்கிவிடும். சிறுபோகம் சித்திரைக்குப் பின்னால். சிறுபோகத்தை ஆய்வு செய்ய வேண்டியவருக்கு ஆவணியில் பணம் வந்தால் அந்த ஆண்டு போய்விட்டது என்று அர்த்தம். இதை விண்ணப்பத்திலேயே எழுதி, தாமதமானால் எந்த வேலையை முன்னால் செய்வீர்கள் என்று காட்டுங்கள். களத்தை அறிந்தவர் எழுதியது என்பது மதிப்பீட்டாளருக்கு அந்த ஒரு பந்தியிலேயே புரியும்.

ஆறாம் படி: அனுமதியும் சம்மதமும்

மனிதர்களிடம் தகவலோ இரத்தமோ எடுப்பதானால் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வேலை தொடங்கிய பிறகு அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. மருத்துவச் சிகிச்சைப் பரிசோதனையானால் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டிலும் முதலிலேயே பதிய வேண்டும். காட்டு விலங்கு என்றால் வனசீவராசிகள் திணைக்களம், ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களம், தொல்லியல் இடம் என்றால் தொல்பொருள் திணைக்களம். மாதங்கள் எடுக்கும். விண்ணப்பம் அனுப்பிய மறுநாளே இந்தக் கடிதங்களையும் எழுதத் தொடங்குங்கள்.

சம்மதப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் முதற்படிவத்தில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: “இவ்வாய்வின்பாற்பட்ட தகவல்களின் இரகசியத்தன்மை பேணப்படும் என இத்தால் உறுதியளிக்கப்படுகின்றது.” கடலோரக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா அதைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, கையொப்பக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, “தம்பி, இது காணிப் பத்திரமா?” என்று கேட்டார். அன்றிரவே மாற்றி எழுதினோம்: “நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு யாருக்கும் சொல்லமாட்டோம். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். இடையில் எழுந்து போகலாம். அதனால் உங்களுக்கு எந்த உதவியும் நின்றுவிடாது.” கடைசி வாக்கியம் நம் பகுதியில் மிக முக்கியமானது. போரும் 2004 கடற்கோளும் கண்ட ஊர்கள் இவை. படிவத்தோடு வருபவர் என்றால் நிவாரணம் தருபவர் அல்லது விசாரிக்க வருபவர் என்றே மக்கள் நினைப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். படிவத்தை அதே ஊரவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்த்துத் திருத்துங்கள்.

ஏழாம் படி: கையொப்பங்கள்

முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். துறைத் தலைவர், பீடாதிபதி, நிதியாளர், உபவேந்தர் என்று ஒரு விண்ணப்பம் நான்கு மேசைகளைக் கடக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நான் ஒருமுறை கடைசித் திகதிக்கு முதல் நாள் கோப்போடு போய் நின்றேன். ஒப்பமிட வேண்டியவர் முந்தைய இரவு ரயிலில் கொழும்புக்குப் போயிருந்தார். எட்டு மாத உழைப்பு அந்த ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. வெளிநாட்டு அறிவித்தலில் உள்ள நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் நீங்கள் தனியாக ஒப்பமிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒப்பமிடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

கைகொடுப்பவர்கள்

பல்கலைக்கழகத்தின் ஆளணி அபிவிருத்தி நிலையத்தைப் புதியவர்கள் நிரந்தர நியமனத்துக்குத் தேவையான கற்பித்தல் பயிற்சியோடு மட்டும் முடித்துக்கொள்கிறார்கள். ஆய்வு முன்மொழிவு எழுதுதல், புள்ளிவிபரவியல் போன்ற பட்டறைகளையும் அங்கே கேட்டு நடத்துவிக்கலாம். நூலகரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்க முடியாத ஆய்விதழ்களை வளர்முக நாடுகளுக்குத் திறந்துவிடும் ரிசர்ச் போர் லைப் திட்டத்தில் உங்கள் நிறுவனத்துக்குள்ள வழியை அவர் காட்டுவார். 2007 முதல் நடக்கும் ஒதர்எய்ட் வலையமைப்பில், கட்டுரை எழுதும் புதியவருக்கு வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இலவசமாக வழிகாட்டுவார். நம்மூர் ஆய்விதழ்கள் பல இலங்கை ஆய்விதழ்களுக்கான பொது இணையத்தளத்தில் யாரும் வாசிக்கக் கிடைக்கின்றன. முதற்கட்டுரையை அங்கே வெளியிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை மட்டும் திரும்பியும் பார்க்காதீர்கள்.

ஆளொருவரின் துணைதான் எல்லாவற்றிலும் பெரிது. உங்கள் துறையில் மானியம் வென்ற ஒருவரிடம் அவருடைய பழைய விண்ணப்பத்தைக் கேளுங்கள். வென்றதோடு தோற்றதையும் கேளுங்கள். நான் இருபது பக்கக் கையேடுகளில் கற்காததை ஓர் அக்காவின் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்திலும் அதன் ஓரத்தில் மதிப்பீட்டாளர் எழுதிய ஆறு வரிகளிலும் கற்றேன்.

நிராகரிப்பு உங்களுக்கும் வரும். கடிதத்தை மூடி இரண்டு நாள் வையுங்கள். பிறகு மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, திருத்துவேன் அல்லது ஏன் திருத்தவில்லை என்று எழுதுங்கள். அடுத்த அறிவித்தலுக்கு அதையே புதுப்பித்து அனுப்புங்கள்.

பணம் வந்த பிறகு

மானியக் கடிதம் வந்த வாரமே நிதியாளர் அலுவலகத்துக்குப் போய்த் தனிக் கணக்குத் தலைப்பு திறப்பியுங்கள். கொள்வனவு விதிகளை அங்குள்ள எழுதுநரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தொகைக்கு மேல் எத்தனை விலைமனு, யார் அனுமதி. நடைமுறை தெரியாமல் கடையில் வாங்கிவிட்டு பற்றுச்சீட்டோடு வந்தால் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். கருவி கொழும்பிலிருந்து வர மூன்று மாதம் பிடிக்கலாம். ஆகவே முதல் வேலையாக அதைக் கோருங்கள். வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி இலக்கமிடுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அன்றே புகைப்படம் எடுத்து வையுங்கள். வெப்ப அச்சுச் சீட்டின் எழுத்து நம் வெயிலில் சில மாதங்களில் மங்கிவிடும். கணக்காய்வாளர் கேட்கும்போது வெள்ளைத் தாளைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

முன்னேற்ற அறிக்கையைத் திகதிக்கு முன்பே அனுப்புங்கள். இரண்டாம் தவணைப் பணம் அதில்தான் தொங்குகிறது. மழையால் ஒரு சுற்று மாதிரி தவறியிருந்தால் மறைக்காமல் எழுதி, கால நீடிப்பைக் கேளுங்கள்.

இறுதி அறிக்கையை அனுப்பும் வாரத்தில் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போங்கள். எந்த வயலில் உவர் எவ்வளவு என்று குறித்த வரைபடத்தை வட்டவிதானையாரின் கையில் கொடுங்கள். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, வாய்க்கால் எங்கே என்று தேடி, “இந்த மூலை தவறு, இது அடுத்த வயற்கண்டம்” என்று திருத்தக்கூடும். பேனாவை அவரிடமே நீட்டுங்கள்.